கல்யாண நாளும் சுமேரியக் கடவுள்களும்: மயிலாப்பூரிலிருந்து உடைந்த பாலம் வரை

இந்தப் பயணத்தை நான் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் இரண்டு படம் போட்டதுமே "மேடம், நீங்களுமா?" என்று பின்னூட்டம் குவிந்துவிட்டது. எங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளுக்கு நான் கேட்டது ஹம்பி. மூன்று வருடமாகக் கேட்கிறேன். எந்த ரயில், எந்த விடுதி, எந்த மாதம் வெயில் குறைவு என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். என் கணவர் சேகர் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து கைப்பேசியை நீட்டினார். மூன்று டிக்கெட் எடுத்திருந்தார். போகும் இடங்கள் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு. நாங்கள் குடியிருப்பது ஆதம்பாக்கத்தில்.

சுற்றுலாவின் பெயர் "விண்ணோர் தடம்". ஆளுக்கு 1,750 ரூபாய், மதிய உணவு உட்பட. விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வேறு கிரகத்திலிருந்து சில பேர் பூமிக்கு வந்தார்களாம். இப்போது இராக் இருக்கும் இடத்தில் அப்போது வாழ்ந்த சுமேரியர்கள் அவர்களை அனுனாக்கி என்று பெயர் சொல்லிக் கும்பிட்டார்களாம். எகிப்து பிரமிடிலிருந்து நம் ஊர்க் கோயில்கள் வரை பெரிதாக இருக்கும் எல்லாமே அவர்கள் கைவேலைதானாம். மனிதனால் அவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியிருக்க முடியாதாம். இதைச் சொல்லும் காணொளிகள் எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடுகின்றன. சாப்பிடும்போது ஓடும், சவரம் செய்யும்போது ஓடும், நான் தலைவலி என்று படுத்திருக்கும்போதும் ஓடும்.

சேகர் படிக்காதவர் இல்லை. பாலம் கட்டும் இன்ஜினியர். முப்பது வருடமாக வெயிலில் நின்று கம்பியும் கான்கிரீட்டும் போட்டவர். அவர் வாயிலிருந்து "மனுஷனால முடியாது" என்று கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தால் இரண்டு பாத்திரத்தை உருட்டிவிட்டுப் போய்விடுவேன். எங்கள் மகள் பவித்ரா அப்படி இல்லை. அவள் கல்வெட்டு படிக்கிறாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், அதைக் கட்டிய கல்தச்சர்களின் பெயர்கள் சுவரின் அடியில் வெட்டியிருக்கின்றன. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. போன பொங்கலன்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பேச்சு முடிவதற்குள் சேகர் குறுக்கே புகுந்து, "கட்டினது மேல இருந்து வந்தவங்கம்மா. இவனுங்க பின்னாடி வந்து பேரை மட்டும் செதுக்கிட்டுப் போயிருக்கானுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பவித்ரா எழுந்து உள்ளே போனாள். அந்த வாரமே கோட்டூர்புரத்தில் தோழிகள் இருவரோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பொங்கலுக்குப் பிறகு அவள் எங்கள் வாசல்படி ஏறவில்லை.

மூன்றாவது டிக்கெட் அவளுக்குத்தான். "நேர்ல பாத்தான்னா புரிஞ்சிப்பா" என்றார் சேகர். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றப் போகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் அவளுக்குப் போன் செய்தேன். கல்யாண நாள், எனக்காக ஒரு நாள் வா என்று கெஞ்சினேன்.

"உனக்காக வரேன்மா. ஆனா சாயங்காலம் அப்படியே ரூமுக்குப் போயிடுவேன். திங்கட்கிழமை தீபாவளிக்கும் என்னை எதிர்பாக்காதே."

"என்ன செஞ்சா வருவே?"

"அன்னிக்கு சொன்னதை அவர் வாபஸ் வாங்கட்டும். வரேன்."

அனுனாக்கி பூமிக்குத் திரும்பி வந்தாலும் வருவார்கள், சேகர் சொன்னதை வாபஸ் வாங்குவது நடக்காது என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

சனிக்கிழமை காலை 6.20க்குக் கிளம்பினோம். ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி ரயில் நிலையத்துக்கு ஆட்டோ. செயலியில் 85 ரூபாய் காட்டியது, ஓட்டுநர் 120 கேட்டார், 100க்கு முடிந்தது. பறக்கும் ரயிலில் திருமயிலைக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், இருபது நிமிடப் பயணம். இந்த ஊரில் இன்னும் ஐந்து ரூபாய்க்கு மரியாதை இருக்கும் ஒரே இடம் அந்த ரயில்தான். திருமயிலையில் இறங்கினால் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு. போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இல்லை. கூகுள் வரைபடத்தை நம்பாமல் பூக்காரம்மா யாரையாவது கேட்டு நடங்கள்.

மயிலாப்பூர்க் கோயிலின் கிழக்கு வாசலில் 7.30க்குக் கூடச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் சேர்ந்து மொத்தம் பன்னிரண்டு பேர். பவித்ரா எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு தலையசைப்பு. அவரும் பதிலுக்குத் தலையசைத்தார். அன்று முழுக்க நான் இருவருக்கும் நடுவே தபால்காரியாக வேலை பார்க்கப் போகிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எங்களை நடத்திக்கொண்டு போனவர் தன்னை ஆய்வாளர் என்று அறிமுகம் செய்துகொண்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏகப்பட்ட பை வைத்த அரைக்கை ஜாக்கெட், காதிலிருந்து கன்னத்துக்கு ஓடும் மைக், இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி. கையில் லேமினேஷன் செய்த படங்கள். கோபுரத்தைக் காட்டி, "இதோட வயசு பன்னிரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது" என்று தொடங்கினார்.

பவித்ரா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அவர்கிட்ட சொல்லு. இந்த ராஜகோபுரம் கட்டி நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகுது. அவ்வளவுதான்."

'அவர்' என்றது அப்பாவை. நான் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லு, மேல இருக்கறது புதுசு, அடியில இருக்கறது பழசுன்னு" என்றார் சேகர்.

நான் அதையும் சொன்னேன். இப்படியே கோயிலைச் சுற்றி வந்தோம். அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் கோமுகம் எரிபொருள் குழாயாம். கொடிமரம் தகவல் தொடர்புக் கம்பமாம். குளத்தில் இறங்கி விண்வெளி ஓடத்தைப் பழுது பார்த்தார்களாம். ஒவ்வொன்றுக்கும் சேகர் ஏதோ அலுவலகத்தில் மேலதிகாரி சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டினார். பிராகாரத்தில் பிரதோஷ வரிசைக்குக் கட்டிய கம்புகளில் சாய்ந்துகொண்டு நான் கொட்டாவி விட்டேன்.

வடக்கு மாட வீதிக்கு வந்ததும் ஆய்வாளர் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார். சிறகு முளைத்த ஒரு தாடிக்காரர் கையில் வாளிபோல ஒன்றைப் பிடித்திருக்கும் சிற்பம். சுமேரியக் கடவுளின் கையில் இருப்பது என்ன, அதற்குள் என்ன சக்தி இருந்தது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறதாம். அந்த நேரம் பார்த்து, ஒயர் கூடையோடு ஒரு மாமி வந்தார். நாங்கள் பன்னிரண்டு பேரும் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறோம்.

"அம்மா, ஒரு நிமிஷம் அந்தக் கூடையை அப்படியே பிடிங்க" என்றார் ஆய்வாளர். "எல்லாரும் பாருங்க. அதே பிடி. அதே வடிவம். பன்னிரண்டாயிரம் வருஷமா மாறல."

மாமி படத்தை உற்றுப் பார்த்தார். "யாரு இவன்? தாடியை நன்னா சீவிண்டிருக்கான்."

"உங்க கையில இருக்கறதும் அவங்க கையில இருக்கறதும் ஒண்ணும்மா. உள்ள என்ன இருக்கு சொல்லுங்க?"

"அரை லிட்டர் பாலும் ஒரு கட்டு அரைக்கீரையும் இருக்கு. சித்த வழியை விடுங்கோ, ஆத்துல குக்கரை வெச்சுட்டு வந்திருக்கேன்."

கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அந்தப் படம் சுமேரியாவே இல்லை, பல நூற்றாண்டு தள்ளி வந்த அசீரியா என்று பவித்ரா என் மூலம் தகவல் அனுப்பினாள். "எல்லாம் ஒரே இராக்தானே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. எனக்கும் அலுப்பு தட்டாதா.

காலைச் சிற்றுண்டி கட்டணத்தில் சேராது. சந்நிதித் தெருப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் பொங்கல், வடை, காபி மூவருக்கும் சேர்த்து 310 ரூபாய். பொங்கலில் நெய் தாராளம். மயிலாப்பூர் போகிறவர்கள் எட்டரைக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள், அப்புறம் இடம் கிடைக்காது.

பத்து மணிக்கு வேன் புறப்பட்டது. மயிலாப்பூரிலிருந்து தி. நகர் பாண்டி பஜார் சுமார் ஐந்து கிலோமீட்டர். ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. வழியெல்லாம் மெட்ரோ தோண்டல், தீபாவளிக் கூட்டம், இடையில் ஒரு தூறல் வேறு. நான் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் பெயர் முருகேசன். இந்தச் சுற்றுலாவுக்கு அடிக்கடி வருவீர்களா என்று பேச்சுக் கொடுத்தேன்.

"நாலஞ்சு வாட்டி இட்டாந்துகீறேன் மேடம்" என்றார். "இவரும் சொல்லிக்கினே கீறாரு, நானும் கேட்டுக்கினே கீறேன். இதுவரிக்கும் ஒர்த்தனும் கண்ல மாட்டல. மாட்டினான்னா, நைனா, இந்த டிராபிக்ல எப்டி எறங்குனேன்னு கேக்கணும்."

பவித்ரா சிரித்தாள். பின்னால் சேகர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அதுவும் சனிக்கிழமை, தி. நகருக்கு மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவனை என்ன சொல்வது. பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் எங்களை நிற்க வைத்து ஆய்வாளர் தங்கத்தைப் பற்றிப் பேசினார். அனுனாக்கி பூமிக்கு வந்ததே தங்கம் எடுக்கத்தானாம். சுரங்கத்தில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று மனிதனை உண்டாக்கினார்களாம். அதனால்தான் நம் ரத்தத்தில் தங்க ஆசை ஊறிக் கிடக்கிறதாம். "உஸ்மான் ரோடு கூட்டத்தைப் பாருங்க. அது ஆசை இல்ல, ஆணை" என்றார். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்று தெரிந்திருந்தால் அந்த அனுனாக்கி வந்த வழியே திரும்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது பவித்ரா, யாரிடம் என்று குறிப்பில்லாமல், "அப்போ அப்பாவுக்கு அந்த ரத்தம் ஓடல. கல்யாணம் ஆனதுலேர்ந்து அம்மாவுக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தரல" என்றாள்.

சேகரின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியும். அவள் 'அவர்' என்று சொல்லாமல் 'அப்பா' என்று சொன்னதை இருவருமே கவனிக்காத மாதிரி நின்றார்கள். எனக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கட்டணத்தில் சேர்ந்த மதிய உணவு என்பது ஒரு புளிசாதப் பொட்டலமும் ஒரு வாழைப்பழமும். எங்கள் குழுவில் இருந்த மூன்று பெண்கள் ரவிக்கைத் துணி பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். புத்திசாலிகள். நானும் பத்து நிமிடம் தப்பித்துப் போய் 280 ரூபாய்க்கு இரண்டு உள்பாவாடை வாங்கினேன். அதுவரைக்கும் அன்று நடந்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

இரண்டே காலுக்கு அடையாறு நோக்கிக் கிளம்பினோம். நந்தனம் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி, கோட்டூர்புரம் வழியாகப் போனது வேன். நூலகக் கட்டடம் தெரிந்ததும் சேகர் எட்டி எட்டிப் பார்த்தார். மகளின் அறை எந்தத் தெருவில் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பவித்ரா கைப்பேசியைப் பார்த்தபடியே இருந்தாள். எனக்கு இரண்டு பேரையும் இறக்கிவிட்டு நான் மட்டும் ஹம்பிக்குப் போய்விடலாம் போல இருந்தது.

கடைசி இடம் உடைந்த பாலம். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வடக்கே, ஊரூர் குப்பம் தாண்டி, மணலில் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்தில், ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மீனவர்கள் நடந்து போய்வந்த பாலம். பிறகு ஒரு வெள்ளத்தில் நடுப்பகுதி போய்விட்டது. மிச்சம் இருக்கும் துண்டு அப்படியே தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. இடம் அழகுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆய்வாளர் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார். "இதை எல்லாரும் சமீபத்துப் பாலம்னு நினைக்கிறாங்க. மேல இருக்கற தளம் மட்டும்தான் சமீபம். கீழ நிக்கற தூண்கள் யாருடையது? ஆத்து முகத்துல, கடல் அலைக்கு நடுவுல, அந்தக் காலத்து ஆளுங்களால இதை நட்டிருக்க முடியுமா? நட்சத்திர வரிசைக்கு நேரா நிக்குது பாருங்க. இது மனுஷ வேலையே இல்ல."

எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். சேகர் எடுக்கவில்லை.

"யார் சொன்னது?" என்றார்.

"சார்?"

"மனுஷ வேலை இல்லன்னு யார் சொன்னது? அந்தத் தூண்கிட்ட போய்ப் பாருங்க. கான்கிரீட் பேந்து கம்பி வெளியில தெரியுது. சாதா வட்டக் கம்பி. எந்தக் கிரகத்துல அதை டன் கணக்குல விக்கிறாங்க?"

"சார், நான் அடிப்படையைச் சொல்றேன்…"

"நானும் அடிப்படையைத்தான் சொல்றேன். என்னோட முதல் வேலையில மேஸ்திரியா இருந்தவர் பேரு ஏகாம்பரம். அவர் இளவட்டமா இருந்தப்ப இந்தத் தூணுக்குக் கலவை சுமந்தவரு. தண்ணி ஏறுறதுக்குள்ள பலகை அடிக்கணும், கலவையைக் கொட்டணும். ஓதம் இறங்குற நேரம் பாத்துப் பாத்து வேலை செஞ்சோம்னு சொல்லுவாரு. ஒரு தடவை பலகையோட அவரையும் சேத்து அலை இழுத்துக்கிட்டுப் போச்சு. கால்ல அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு. எனக்கு வேலை கத்துக் குடுத்ததே அவர்தான். அவர் நட்ட தூணை எவனோ மேல இருந்து வந்து நட்டான்னு எல்லார்கிட்டயும் காசு வாங்கிட்டு சொல்றீங்களே, வாய் கூசல?"

சேகர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வேலை செய்யும் இடத்தில் பேசியிருப்பாரோ என்னவோ. ஆய்வாளர் மைக்கை அணைத்துவிட்டு, இது விவாதத்துக்கான இடம் இல்லை என்று முணுமுணுத்தார். மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வேன் பக்கம் நடந்தார். மணலில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

நான் பவித்ராவைப் பார்த்தேன். அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அப்பா" என்றாள். பொங்கலுக்குப் பிறகு அவரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "மேஸ்திரி பேரு போயிடக்கூடாதுன்னு உங்களுக்கு எவ்வளவு கோவம் வருது. நான் படிச்சிட்டிருக்கற சுவத்துல இருக்கறவங்களும் மேஸ்திரிங்கதான்பா. அவங்களுக்கும் கால்ல தழும்பு இருந்திருக்கும். அவங்க பேரை நான் படிச்சப்போ நீங்க எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க."

சேகர் மணலில் உட்கார்ந்தார்.

"அவங்களைக் கேவலப்படுத்தணும்னு சொல்லலடா."

"பின்ன எதுக்கு?"

"நான் முப்பது வருஷமா கட்றேன். கட்டி முடிச்ச பத்தாவது வருஷமே விரிசல் பாக்க என்னைக் கூப்பிடறாங்க. நான் போட்டது எதுவும் எனக்கு அப்புறம் அம்பது வருஷம் நிக்குமான்னு தெரியல. அந்தக் கோயிலெல்லாம் ஆயிரம் வருஷமா நிக்குது. அதையும் என்னை மாதிரி ஒருத்தன்தான் கட்டினான்னா, அப்ப நான் என்னத்தைக் கட்டினேன்? மேல இருந்து வந்தவன் கட்டினான்னு கேக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் லேசா இருந்துச்சு. அவ்வளவுதான்."

இரண்டு வருடம் அந்தக் காணொளிகளைக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டவள் நான். இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இதை ஒரு நாள் சோறு போடும்போது என்னிடம் சொல்லியிருந்தால் நாங்கள் ஹம்பிக்கே போயிருக்கலாம்.

பவித்ரா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏகாம்பரம் மேஸ்திரி கட்டினதும் பாதிதான்பா நிக்குது. அதுக்காக அவரை விட்டுக் குடுத்தீங்களா? கத்தித் தீத்துட்டீங்களே."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "உன் சுவத்துல யார் யார் இருந்தாங்க, திருப்பிச் சொல்லு" என்றார்.

அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். இன்னாருடைய மகன், இன்ன ஊர் என்று சேர்த்துச் சொன்னாள். இவர் இடையில் நிறுத்தி, எந்தக் கல், எவ்வளவு உயரம், சாரம் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். மண்ணைச் சரிவாகக் கொட்டிக் கல்லை இழுத்து ஏற்றியிருக்கலாம் என்று அவரே மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் இரண்டு வருடம் என் பிராணனை வாங்கியிருக்கிறார்.

"பொங்கலன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றார், மணலைப் பார்த்துக்கொண்டே. "வாபஸ்."

இனி, போக நினைப்பவர்களுக்கு. அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள், இதே இடங்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மயிலாப்பூரைக் காலையில் முடித்துவிடுங்கள், மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். தீபாவளி வாரத்தில் தி. நகர் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். உடைந்த பாலத்துக்குச் சாயங்காலம் நாலரைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். விளக்குக் கிடையாது, மணலில் கண்ணாடித் துண்டுகள் உண்டு, செருப்பைக் கழற்ற வேண்டாம். பாலத்தின் மேல் ஏறக் கூடாது, ஓரம் எல்லாம் உதிர்கிறது. கரையிலிருந்து பார்த்தாலே போதும். குடிக்கத் தண்ணீர் கையில் கொண்டு போங்கள். பெரிதாக எதையாவது பார்த்தால் இதை யார் கட்டினார்கள் என்று கேளுங்கள், ஒன்றும் தப்பில்லை. கேட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரின் அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

திரும்பும்போது வேன் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. பெசன்ட் நகரில் ஒரு ஆட்டோ பிடித்தோம். கோட்டூர்புரத்தில் ஒரு இடத்தில் நின்று ஆதம்பாக்கம் போக 350 ரூபாய். கோட்டூர்புரத்தில் பவித்ரா இறங்கினாள். வாபஸ் வாங்கிவிட்டாரே, இன்னும் என்ன என்று கேட்க வாயெடுத்தேன்.

"அண்ணா, அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றாள் ஓட்டுநரிடம். "துணி எடுத்துட்டு வந்துடறேன்."

"எட்தாமா, மெதுவா எட்தா. நான் இன்னா ஓடியா பூட்றேன்" என்றார் அவர்.

அவள் படியேறிப் போனதும் சேகர் பக்கம் திரும்பினேன். "இதோ பாருங்க. தீபாவளி முடியற வரைக்கும் சுமேரியாக்காரன் ஒருத்தனும் நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"வரமாட்டான்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "எகிப்து?"

"எகிப்தும்."

"பிரமிடு மட்டும் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்…"

"ஏங்க."

"சரி, சரி."

பவித்ரா ஒரு பெரிய பையோடு இறங்கி வந்தாள். ஒரு வாரத்துக்கான துணி இருக்கும். சேகர் நகர்ந்து இடம் விட்டு, பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆதம்பாக்கம் வரும் வரைக்கும் அதைக் கீழே வைக்கவே இல்லை.